தனி ரூமா, கூட்டு ரூமா: சேலத்துக்குப் படிக்க வருபவர்கள் முடிவெடுக்க ஒரு வழி

ரூம் தேடக் கிளம்பும் முன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் எந்த வேளைச் சாப்பாட்டை யாருடன் உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள்? எந்த ஒரு மணி நேரம் யாரும் உங்களைக் கூப்பிடாமல் இருப்பார்கள்? இரண்டுக்கும் பதில் இருந்தால் மாணவர்கள் தனி ரூமிலும் நன்றாக இருக்கிறார்கள், நாலு பேர் ரூமிலும் நன்றாக இருக்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லாதவர் மெல்ல மெல்லச் சாப்பாட்டைத் தவிர்க்க ஆரம்பிப்பார். இரண்டாவதற்குப் பதில் இல்லாதவர் காரணமே தெரியாமல் எரிந்து விழுவார்.

சேர்ந்து சாப்பிடுவதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2025-இல் வந்த உலக மகிழ்ச்சி அறிக்கை இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. மற்றவர்களோடு அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவு சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். மனம் நன்றாக இருப்பதால் கூடிச் சாப்பிடுகிறார்களா, கூடிச் சாப்பிடுவதால் மனம் நன்றாக இருக்கிறதா என்று அதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாணவர் இன்றைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியது சாப்பாட்டு நேரம்தான்.

படிப்புக்கும் ரூமுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் யாருக்கு யார் ரூம்மேட் என்று குலுக்கல் மாதிரி ஒதுக்கப்பட்ட மாணவர்களைப் பொருளாதார ஆய்வாளர் புரூஸ் சாசர்டோட் ஆராய்ந்து 2001-இல் எழுதினார். ரூம்மேட்டின் படிப்பும் முயற்சியும் நம் மதிப்பெண்ணை ஓரளவு தொடுகின்றன என்று அவர் கண்டார். யாருடன் தங்குகிறோம் என்பது வாடகைக் கணக்கோடு முடிகிற விஷயமல்ல.

எந்த ஏரியா

கல்லூரிக்கும் ரூமுக்கும் நடுவே கழியும் நேரம் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்திலோ அரசு பொறியியல் கல்லூரியிலோ படிக்கிறவர் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்கினால் ஒரு வழிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். பஸ் வசதி உண்டு, ஆனால் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஞாயிறு மத்தியானம் ரூம் பார்க்கப் போகிறவருக்கு அந்த நெரிசல் தெரியாது. செரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரி என்றால் அஸ்தம்பட்டி, நாலு ரோடு பக்கம் வசதி. கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக் கல்லூரி என்றால் கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி. மருத்துவ மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்லூரி வளாகம் ஸ்டீல் பிளான்ட் ரோட்டில், ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவில். முதல் வருடத்துக்குப் பார்த்த இடம் வார்டு போஸ்டிங் தொடங்கியதும் தூரமாகிவிடும். நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள்.

மேல் மாடி ரூமை ஏப்ரல், மே மாதத்தில் மத்தியானம் மூன்று மணிக்குப் பாருங்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டு அதன் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். காற்று சூடாகவே இறங்கினால் இரவு பதினொரு மணி வரை அந்தத் தளம் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். மேற்குப் பக்கச் சுவரில் கை வையுங்கள், கட்டிலைப் போட வேண்டாத இடம் தெரிந்துவிடும். தூக்கம் கெட்ட ரூமில் நல்ல நண்பர்களும் சண்டை போடுவார்கள். குழாயைத் திறந்து, இது காவிரித் தண்ணியா போர் தண்ணியா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது என்று ஓனரிடம் கேட்காமல் கீழ் வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து கீழே படிக்க வருகிறவர்கள் தினமும் போய் வரலாமா என்று யோசிப்பதுண்டு. 20 கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அதற்கு மேல் ஊரிலிருந்து ஏற்காடு வர ஒரு பஸ். மழைக் காலத்தில் பாறையோ மரமோ விழுந்தால் பாதை அடைபடும். குப்பனூர் வழி இருந்தாலும் சுற்று. முதல் வருடம் வாரநாளில் கீழே தங்கி, வெள்ளி மாலை ஏறுவதே உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

பெண்கள் தனியார் ஹாஸ்டலோ பிஜியோ பார்த்தால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மகளிர், சிறார் விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் பதிவும் உரிமமும் வேண்டும். சான்றைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எத்தனை பேர், யார்

இரண்டு பேர் என்றால் செலவு அதிகம், சண்டை வந்தால் சமாதானம் சொல்ல மூன்றாமவர் இல்லை. மூன்று பேரில் பெரும்பாலும் இருவர் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள். ஒதுங்கிய அந்த ஒருவர், தனியாக இருப்பவரைவிடத் தனியாகிவிடுகிறார். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேர் என்பது நல்ல எண். ஒருவர் ஊருக்குப் போனாலும் வீடு காலியாகத் தெரியாது, வாடகையும் தாங்கும். நான்கைத் தாண்டினால் ஒரு பாத்ரூம் போதாது. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் ஆளுக்கு இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பள்ளியிலிருந்து உயிர் நண்பனாக இருப்பவனையே ரூம்மேட்டாக்குவது பலருக்கும் முதல் ஆசை. நட்பு ஒத்துப்போனால் பழக்கமும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறோம். அது உண்மையல்ல. பாத்திரம் கழுவுவதும் லைட்டை அணைப்பதும் நட்புக்குத் தெரியாத விஷயங்கள். அதைவிட மோசம், நண்பனிடம் காசு கேட்கக் கூச்சம், குறை சொல்லவும் கூச்சம். ஒரே கல்லூரி, வேறு துறை, அரைகுறை அறிமுகம் என்று இருக்கிற ஆள் பல நேரம் நல்ல ரூம்மேட். உயிர் நண்பன் பக்கத்துத் தெருவில் இருக்கட்டும், சாயங்காலம் தேடிப் போக ஓர் இடம் கிடைக்கும்.

ஒருவரோடு சேரும் முன் ஒரு டீ குடித்துக்கொண்டே ஐந்து விஷயம் கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்குவாய்? ரூமுக்கு ஆள் வருவார்களா, இரவு தங்குவார்களா? அசைவம் ரூமில் சமைக்கலாமா? குடி, சிகரெட் உண்டா? வாரக் கடைசியில் ஊருக்குப் போவாயா? இதில் தூக்க நேரம் மற்ற நான்கையும்விட முக்கியம். பத்தரைக்குப் படுப்பவரும் இரண்டு மணி வரை கேம் ஆடுபவரும் ஒரே படுக்கையறையில் இருந்தால் எந்தப் பேச்சுவார்த்தையும் எடுபடாது. நான்கு பேரில் இரவு ஆட்கள் இருவரை ஓர் அறையிலும் காலை ஆட்கள் இருவரை இன்னோர் அறையிலும் போடுங்கள். துறை, ஊர் பார்த்துப் பிரிக்க வேண்டாம்.

முதல் வாரத்தில் பேசி முடிக்க வேண்டியவை

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் முதல் வாரத்தில்தான் விதிமுறை பேச வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் மேலே போய்விடும், யாரும் தேட மாட்டார்கள்.

பணத்திலிருந்து ஆரம்பியுங்கள். வாடகை தவிர, கரண்ட், தண்ணீர் கேன், கேஸ், மளிகை, துடைப்பம், பினாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கல்லா. மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் ஆளுக்கு ஒரே தொகை யூபிஐயில் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கை மாற வேண்டும். எப்போதும் ஒருவரே கணக்குப் பார்த்தால் அவர் வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடுவார், மற்றவர்கள் குழந்தைகள் மாதிரி ஆகிவிடுவார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறவர்கள் அதை அப்படியே கல்லாவுக்கு ஒதுக்கினால் வீட்டுக்குப் போன் போட்டுக் காசு கேட்கும் சங்கடம் பாதி குறையும்.

கரண்ட் பில்தான் அதிகம் சண்டை மூட்டுவது, ஆகவே கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈபி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறது, முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டை ஒன்று தாண்டினாலும் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடும், தாண்டிய யூனிட்டுகளின் விலையும் ஏறும். ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்குச் சுமார் 6 யூனிட், 60 நாளுக்கு 360. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்று என்று 60. 75 வாட் மின்விசிறி மூன்று, தினம் 12 மணி நேரம் என்றால் 162. மொத்தம் 582, எல்லை தாண்டியாச்சு. மூன்று மின்விசிறியையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகையாக மாற்றினால் அந்த 162 சுமார் 65 ஆகும், மொத்தம் 485. லைட்டுக்கும் மோட்டாருக்கும் இடம் விட ஏசியை ஒரு மணி நேரம் குறைத்தால் போதும். ஏசி ஓர் அறையில் மட்டும் இருந்தால் அதன் பங்கை, மேலே சொன்ன முதல் கணக்கில் (582-இல் 360) பத்தில் ஆறு, அந்த அறையில் படுப்பவர்கள் கொடுக்கட்டும், மீதியை எல்லோரும் பிரிக்கலாம். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்குகிறார் என்றால் இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது. ரேட்டை முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸ் பற்றி: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். நான்கு பேரின் பெயரும் அதில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால், அவர் நடுவில் கிளம்பினாலும் மற்றவர்கள் வெளியேறச் சொல்லப்படுவார்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், கதவு, ஈபி மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

வேலைப் பிரிப்பில் இரண்டே விதிகளை விடாமல் பிடியுங்கள்: தின்ற தட்டை அவரவர் உடனே கழுவ வேண்டும். சமைத்த பாத்திரத்தை அன்று சமைக்காதவர் கழுவ வேண்டும். பெருக்குவது, பாத்ரூம் தேய்ப்பது, கேனுக்குச் சொல்வது எல்லாம் வாரச் சுற்று, அவை ஒரு நாள் தள்ளிப்போனாலும் வீடு தாங்கும். ராத்திரி ஊறிய பாத்திரம் மட்டும் காலையில் முதலில் எழுந்தவரின் மனசைக் கெடுக்கும்.

தனிமை நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். இதைத்தான் கூட்டு ரூம்காரர்கள் மறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம், யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, போனில் ஸ்பீக்கர் போடக் கூடாது. இடம் இல்லாவிட்டால் மொட்டை மாடியில் ஒரு நாற்காலி போதும். காதில் ஹெட்செட் இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

இரவுச் சாப்பாடு

காலை ஓட்டம், மத்தியானம் கல்லூரி, ஆகவே சேர்ந்து சாப்பிட முடிவது இரவில்தான். வாரம் நான்கு இரவு போதும். தினமும் என்று தீர்மானம் போட்டவர்கள் பத்து நாளில் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று பேருக்கு ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றே போதும். 300 கிராம் பச்சரிசியைக் கழுவி, அரிசிக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு உள்பாத்திரத்தில் வையுங்கள். புழுங்கலரிசியானால் மூன்று பங்கு, அரை மணி நேரம் ஊற வைக்கவும் வேண்டும். குக்கரின் அடியில் 100 கிராம் துவரம்பருப்பு, இரண்டு தக்காளி, ஒரு சிட்டிகை மஞ்சள், இரண்டரை டம்ளர் தண்ணீர். ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரத்தில் விசிலைத் தூக்கினால் பருப்பு பொங்கி வால்வு அடைக்கும், அடுத்த முறை விசிலே வராது. பருப்பை மசித்துப் புளித்தண்ணீரும் சாம்பார்ப் பொடியும் விட்டு ஒரு கொதி வந்ததும் தாளித்தால் முடிந்தது. முக்கால் மணி நேர வேலை. மாவு அரைக்கக் கிரைண்டர் வாங்க வேண்டாம், கடையில் விற்கும் ஒரு கிலோ மாவில் 12 முதல் 15 தோசை வரும். சனிக்கிழமை உழவர் சந்தையில் நான்கு நாளுக்குக் காய் வாங்குங்கள். சூரமங்கலத்திலும் அஸ்தம்பட்டியிலும் சந்தை உண்டு, காலையிலேயே போனால் நல்ல காய் கிடைக்கும்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐந்து கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை காட்டியே வாங்கலாம். இரவு மட்டும் சமைத்தால் ஒரு மாதம் ஓடும். சமைக்கவே தெரியாத ரூம் என்றால் ஒரே மெஸ்ஸில் ஒரே நேரத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கள், அல்லது சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் வண்டி முன்னால் கூடுங்கள். முக்கியம் எதிரே ஒரு முகம் இருப்பதுதான்.

தனியாக இருப்பதென்றால்

ஆராய்ச்சி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், சத்தம் தாங்காதவர்கள் தனி ரூம் எடுப்பது சரியான முடிவாகவே இருக்கும். ஆனால் கூட்டு ரூமில் தானாக நடப்பதை இங்கே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே டீக்கடை, ஒரே மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வராவிட்டால் "ஏனுங்க தம்பி, ஆளையே காணோம்?" என்று கேட்க ஓர் அண்ணன் இருக்க வேண்டும். படிப்பதை ரூமுக்குள்ளேயே அடைக்காமல் மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ தினம் இரண்டு மணி நேரம் வையுங்கள். மாலையில் மூக்கனேரிப் பக்கமோ காந்தி ஸ்டேடியத்திலோ நடங்கள். மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். ரூமில் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், நாலு ஓஆர்எஸ் பாக்கெட் வையுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் போடக் கூடாது. இரண்டு நாளாகக் காய்ச்சல் இறங்காவிட்டால் ரூமில் படுத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

வீட்டுக்குத் தினம் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசுவது நல்லது. நாள் முழுக்க அம்மாவோடு வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளூரில் யாரும் பழக்கமாக மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம்

சேலத்து ரூம்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. நாமக்கல், தர்மபுரி, ஆத்தூர், மேட்டூர்ப் பிள்ளைகள் சனி மதியம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். ராமநாதபுரத்திலிருந்தோ வடமாநிலத்திலிருந்தோ வந்தவர் மட்டும் நாலு பேர் வீட்டில் தனியே இருப்பார். வார நாள் முழுக்க நெரிசல், வாரக் கடைசியில் வெறும் சுவர். இரண்டு வாழ்க்கையின் கஷ்டமும் அவருக்கே. கூட்டு ரூமில் அதிகம் வாடிப்போவது இந்த ஒருவர்தான், மற்ற மூவருக்கும் அது தெரிவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்கும்போது அவர் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்து ஊர்க்காரர்கள் முறை வைத்து மாதம் ஒரு வாரக் கடைசியாவது தங்குங்கள், அல்லது அவரையும் ஊருக்குக் கூட்டிப் போங்கள். பொங்கல் விடுமுறைக்கும் ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் முன்பே "நீ எங்க இருப்ப?" என்று கேட்டுவைக்க வேண்டும்.

உரசல் வந்தால்

குறையை நடந்த அன்றே, அந்த ஒன்றை மட்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "மச்சி, நாளைக்கு இன்டர்னல் இருக்கு, பதினொண்ணுக்கு மேல லைட்ட அணைச்சுக்கலாமா?" என்றால் வேலை நடக்கும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் போன மாத ஷாம்பூ வரை பேச்சு போகும். குரூப்பில் ஜாடையாக மெசேஜ் போடுவது எதையும் தீர்க்காது, மற்ற இருவரையும் பக்கம் சேர வைக்கும். ஒரே குறையை மூன்று முறை சொல்லியும் மாறவில்லை என்றால் அது பழக்கம், செமஸ்டர் முடிவில் அறை மாறுவதைப் பேசலாம்.

குறை வேறு, வாட்டம் வேறு. குளிக்காமல், வகுப்புக்குப் போகாமல், பகலெல்லாம் படுத்து, வீட்டுப் போனை எடுக்காமல் ஒருவர் இரண்டு வாரம் இருந்தால் "சோம்பேறி" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வையுங்கள், நேராகவே கேளுங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமில்லாமல் பேசலாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். ரகசியம் காப்பது அந்த இடத்தில் நட்பாகாது.

ஒருவர் ரூமை விட்டுப் போக நேர்ந்தால் ஒரு மாதம் முன் சொல்வது, பதில் ஆளை அவரே கொண்டு வருவது, புது ஆளை மீதி மூவரும் பார்த்துச் சம்மதிப்பது, அவருடைய அட்வான்ஸ் பங்கைப் புது ஆள் நேராக அவருக்கே கொடுப்பது, இந்த நான்கையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.